தாங்கியில் இருந்த சூடு

அண்ணை,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதிவில் ஒரு பெயர், அம்மா கூப்பிட ஒரு பெயர், வேலையிடத்து ஜெர்மன்காரர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிய ஒரு பெயர் என்று உங்களுக்கு மூன்று இருந்தன. எனக்கு நீங்கள் அண்ணை மட்டும்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் பத்துப் பேர் எழுதினார்கள். பண்பான பிள்ளை, உதவும் கரம், பெற்றோரின் கண். என்னையும் கேட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தமிழும் சனிக்கிழமைப் பள்ளியில் படித்ததுதான், எழுதினால் பிழை வரும் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு எழுத இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நான் செய்த காரியம். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது உங்கள் முதலாவது திவசம் வருகிறது.

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் இனி உங்களை ‘அவர்’ என்று எழுதுவேன். குறை நினைக்காதீர்கள்.

எங்கள் வீடு வுப்பர்டாலில், ஏற்றமான தெரு ஒன்றில் இருக்கிற பழைய வீடு. அப்பா, அம்மா, அண்ணை, நான். அப்பாவுக்கு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அண்ணை ஹைசுங் வேலை செய்பவர். ஹைசுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் குழாய், கொதிகலன், பம்ப் எல்லாம். ஊரெல்லாம் போய் மற்றவர்களுடைய வீட்டைச் சூடாக்கிவிட்டு வருவார். எங்கள் வீட்டில் மட்டும் பழைய எண்ணெய்க் கொதிகலன் கிடந்தது. அது ஒரு கோடையில் ஒரேயடியாக நின்றுவிட்டது.

கூரையில் சூரியத் தகடுகளை அண்ணை முன்னரே பூட்டியிருந்தார். பகலில் அதிலிருந்து வருகிற மின்சாரத்தில் மிஞ்சுவதை எதில் சேமிப்பது என்பதுதான் வீட்டில் சண்டை. அப்பாவுக்குப் பற்றரி வேண்டும். அண்ணைக்கு, அந்த மின்சாரத்தைச் சூடாக மாற்றி வைத்திருக்கிற தண்ணீர்த் தாங்கி வேண்டும்.

அப்பா பக்கம் சாட்சி சொல்ல டோர்ட்முண்டிலிருந்து சித்தப்பா வருவார். அப்பாவின் தம்பி. அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு பற்றரி இருந்தது. வந்து இருந்ததும் இராததுமாகத் தன் போனை எடுத்து மேசையில் அப்பாவுக்கு முன்னால் வைப்பார்.

“பார் அண்ணை, நூறு வீதம். வீட்டில ஒரு சனம் இல்லை. அது தன்ரபாட்டில நிரம்பிப்போய்க் கிடக்கு.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “பாத்தியோடா? இதுதான் எனக்கு வேணும்.”

“உங்களுக்கு லைற் எரியவேணுமோ, வீடு சூடாகவேணுமோ? அதை முதல் சொல்லுங்கோ அப்பா.”

“ரெண்டும்.”

“ரெண்டுக்கும் அது காணாது. மாரியில எங்கட வீடு தின்னுறது சூட்டைத்தான். லைற்றும் ரீவியும் சும்மா கொறிக்கிறதுகள். பற்றரியை வைச்சு இந்த வீட்டைச் சூடாக்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் வழிச்சுத் துடைச்சுப்போடும்.”

“உன்ர தண்ணி பெரிசா என்ன செய்யும்?”

“ஆயிரம் லீற்றர். விறகாலயும் சூடேத்தலாம், கூரைக் கறண்டாலயும் ஏத்தலாம், பிறகு வெப்பப் பம்ப் வந்தால் அதாலயும் ஏத்தலாம். இரும்பும் பஞ்சும் தண்ணியும்தான். பழுதாகிறதுக்கு அதுக்குள்ள என்ன கிடக்கு?”

“சூடு போயிடாதோ?”

“போகும்தான். பற்றரியில ஏத்தினது அப்பிடியே கிடக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. தண்ணி மெல்ல மெல்ல விட்டுடும். ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா மூட்டவேணும்.”

“அவனே சொல்லுறான் ஓட்டைப் பானை எண்டு” என்றார் சித்தப்பா.

அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னா: “நீங்கள் மூண்டு பேரும் கத்துற சூட்டைச் சேத்து வைச்சால் காணும், வேற ஒண்டும் வாங்கத் தேவையில்லை.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அப்பா விடவில்லை. “கறண்ட் போனால் என்ன செய்வாய்?”

“இஞ்ச எப்ப அப்பா கறண்ட் போனது?”

“போகாது எண்டுதான் நாங்களும் அங்க இருந்தனாங்கள்.”

அப்பாவின் இளவயதில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதித்து, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள். முப்பது வருடம் ஜெர்மனியில் இருந்தும், அப்பாவின் கட்டிலுக்குக் கீழே மெழுகுதிரிப் பெட்டி இருக்கிறது.

அண்ணை குரலைத் தணித்துச் சொன்னார்: “அப்பா, கறண்ட் போனால் பற்றரியும் நிண்டுடும். அதுக்குத் தனி ஏற்பாடு ஒண்டு சேத்துப் பூட்டவேணும். சும்மா பூட்டின பற்றரி, றோட்டுக் கறண்ட் நிண்ட உடன தானும் நிண்டுடும்.”

“நிறைஞ்ச பற்றரி ஏன்ரா நிக்குது? ஆருக்குக் கதை விடுறாய்?”

அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. மேசையில் இருந்த போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.

ஐப்பசியில் ஒரு சனி ஞாயிறு அண்ணை தன் இரண்டு வேலைத் தோழர்களைக் கூட்டிவந்து தாங்கியை நிலவறைக்குள் இறக்கினார். அப்பா அந்த இரண்டு நாளும் சித்தப்பா வீட்டில் போய் இருந்தார். வரவேற்பறையில் விறகு அடுப்பு ஒன்று வந்தது, அதன் முதுகுக்குள் தண்ணீர் ஓடும். அடுப்பு எரிய, அந்தச் சூடு குழாய் வழியாகக் கீழே போய்த் தாங்கியில் சேரும். தாங்கியிலிருந்து வீட்டுச் சூடும் குளிக்கிற சுடுதண்ணீரும் வரும். தாங்கியில் இருக்கிற தண்ணீர் வெளியே வராது என்பதை அண்ணை எனக்குச் சொல்லியிருந்தார். குழாயில் வருவது வேறு தண்ணீர், உள்ளே இருப்பதைத் தொட்டும் தொடாமல் பக்கத்தால் ஓடி, சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் அங்கேயே நிற்கும். சூடுதான் போகும்.

அப்பா திரும்பி வந்து சொன்னது இதுதான்: “அந்த ட்ரம் சூட்டில நான் குளிக்கமாட்டன். கொண்ணனிட்டச் சொல்லு.”

நான் அண்ணையிடம் சொன்னேன். அவர் அடுத்த அறையில்தான் நின்றார்.

அன்றிலிருந்து அப்பா கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாளியில் கலந்து குளித்தார். நாலு மாதம். வேலையால் வந்து மூன்று கேத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு படியேறுவார். குளியலறையில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் கொட்டும், அவர் திறக்கமாட்டார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அண்ணை சிரித்ததை நான் காணவில்லை.

“அப்பாவுக்கு முதுகு தேய்க்கத் தண்ணி காணாது. அஞ்சு லீற்றரில என்னெண்டு முழுகிறது” என்றார் ஒருநாள்.

“போய்க் கதையுங்கோவன்.”

“நான் கதைச்சால் அதையும் விட்டிட்டுப் பச்சைத்தண்ணியில குளிப்பார். விடு.”

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரியான குளிர். அண்ணை காலையிலிருந்து அடுப்பை எரித்தார். அவர் மட்டும்தான் அடுப்பை மூட்டுவார், வேறு ஆரையும் விடமாட்டார். பகல் முழுக்க நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் இடைக்கிடை இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் படுக்கவில்லை, பிடித்துவிட்டது என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டே “ம்” என்றேன். அந்த ‘ம்’ என்னோடு இருக்கிறது. அதைப்பற்றி மேலே எழுத ஏலாது.

பின்னேரம் கீழே போய்த் தாங்கியின் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து, “எண்பத்திரண்டு! வியாழன் மட்டும் ஒருத்தரும் விறகில கை வைக்கத் தேவையில்லை” என்றார். முகத்தில் கரி பூசியிருந்தது.

திங்கள் காலை வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வீட்டின் நிலவறையில் விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. இருதயம். வயது முப்பத்தொன்று.

வேலையிடத்தில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது ஏற்கெனவே சனம். அம்மாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. அழுகிற ஆட்கள் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தது பிடிக்கவில்லை. ஓடிக் கீழே போனேன். அங்கே தாங்கி நின்றது. மேல் வெப்பமானி எழுபத்தாறு காட்டியது.

அது அவர் நேற்று மூட்டினது.

அப்போதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. என்ன யோசித்தேன் என்று சொல்லத் தெரியாது. அவர் ஆஸ்பத்திரியில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறார், அவர் கையால் ஏற்றின சூடு இங்கே இருக்கிறது. தாங்கியிலிருந்து சூடு வெளியே போகிற குழாய்களில் இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று வீட்டுச் சூட்டுக்கு, மற்றது சுடுதண்ணீருக்கு. இரண்டையும் திருப்பிப் பூட்டினேன். மேலே வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் செத்த உடன் எரிக்க ஏலாது. பத்திரம், கையெழுத்து, டெர்மீன் என்கிற முன்பதிவு என்று ஒன்பது நாள் போனது. ஒன்பது நாளும் வீட்டில் சனம். கதிரை காணாமல் நிலத்தில் இருந்தார்கள். வீடு குளிர்ந்துகொண்டே போனது. முதல் நாள் ஜாக்கெட்டைக் கழற்றினவர்கள் இரண்டாம் நாள் கழற்றவில்லை. மூன்றாம் நாள் தொப்பியோடு இருந்தார்கள்.

“சூட்டைக் கொஞ்சம் கூட்டி விடன் பிள்ளை.”

“ஹைசுங் பழுது” என்றேன்.

“ஹைசுங்காரன்ர வீட்டிலயோ?” என்று கேட்டா மாமி, அம்மாவின் அண்ணன் மனைவி. கேட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டா. நான் சமையலறைக்குள் போய் நின்றேன்.

சித்தப்பா பொறுக்காமல் விறகைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறை அடுப்புக்குக் கிட்டப் போனார். அந்த அடுப்பை இன்னொருவர் மூட்டினால் வேறு சூடு கீழே போய் அவருடைய சூட்டோடு கலந்துவிடும். அதைத்தான் நினைத்தேன், வீட்டில் அம்மா நடுங்கிக்கொண்டு இருந்ததை நினைக்கவில்லை. நான் தடுக்க வாயெடுக்கு முன் மாமி எழும்பிவிட்டா.

“என்ன வேலை செய்யிறியள்? செத்தவீட்டில அடுப்பு மூட்டுறதோ?”

“இது சமைக்கிற அடுப்பில்லையக்கா. வீட்டுக்குச் சூடு போடுற அடுப்பு.”

“நெருப்பு எரிஞ்சால் அடுப்புத்தான். பொடியனை இன்னும் எடுக்கேல்லை. உங்களுக்குக் குளிருதெண்டால் போய்க் காருக்குள்ள இருங்கோ.”

“அப்ப கேத்தில் அடுப்பில்லையோ? காலமை தொடக்கம் தேத்தண்ணி குடிக்கிறியளெல்லோ?”

“அது பிளக்கில எரியிறது. அதை அடுப்பெண்டு ஆர் சொன்னது?”

சித்தப்பா விறகைக் கீழே போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் பிளக்கில் போடுகிற இரண்டு சூடாக்கிகளை வாங்கிவந்து வைத்தார். சுற்றி ஆட்கள் நெருங்கி இருந்தார்கள். எங்கள் வழக்கம் அன்று என்னைக் காப்பாற்றியது. நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன்.

ஒவ்வொரு காலையும் கீழே போனேன். கூரைத் தகடுகள் பனிக்குள் கிடந்தன, புதுச் சூடு ஒன்றும் ஏறவில்லை. பூட்டினாலும் சூடு போகிறது. எழுபத்து மூன்று. எழுபத்தொன்று. தாங்கியைச் சுற்றிப் பஞ்சுப் போர்வை இருந்தது, ஆனால் மேலே குழாய் சேர்கிற இடங்களை அண்ணை இன்னும் மூடி முடிக்கவில்லை. கையை வைத்தால் அங்கே சுடும். அதாவது அங்கேயால் போகிறது. அவருடைய கட்டிலில் இருந்த போர்வையை எடுத்துவந்து சுற்றினேன். அது காணவில்லை. என்னுடையதையும் சுற்றினேன். பிறகு அவருடைய வேலை ஜாக்கெட்டைத் தாங்கியின் மேல் போட்டு, கைகளை முன்னால் கொண்டுவந்து முடிந்தேன். போர்வை இல்லாமல் நான் இரண்டு ஸ்வெட்டரோடு படுத்தேன்.

அறுபத்தெட்டு. அறுபத்தாறு.

அப்போது அப்பாவின் பற்றரியை நினைத்தேன். அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றினது அப்படியே இருக்கும். போனில் ஒரு எண் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண். நான் பிடி பூட்டவும் வேண்டாம், போர்வை சுற்றவும் வேண்டாம். அண்ணையோடு முதல்முறையாகக் கோபம் வந்தது. ‘ஓட்டைப் பானையைத்தானே கொண்டுவந்து வைத்தாய்’ என்று வாய்விட்டுச் சொன்னேன். ‘நீங்கள்’ என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு அழுதேன், முதல்முறை. முதுகைத் தாங்கியில் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதேன். ஜாக்கெட்டுக்கு ஊடாக முதுகில் சூடு வந்தது. பற்றரியில் இப்படிச் சாய ஏலாது. அது உள்ளுக்குள் வைத்திருக்கும், ஒருவருக்கும் கொடுக்காது. இது போய்க்கொண்டிருந்தபடியால்தான் என் முதுகுக்குத் தெரிந்தது.

மேலே அத்தனை சனம் இருந்தது. நான் கீழே ஒரு ட்ரம்மோடு இருந்தேன்.

ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். மண்டபத்தில் தேவாரம் பாடினார்கள், கிரியை செய்தார்கள். சுடலையில் பெட்டியை நெருப்புக்குள் அனுப்புகிற பொத்தானை அப்பாதான் அழுத்தினார். அழுத்திய விரலைப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டியபடியே வெளியே வந்தார்.

சுடலையால் வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் புழங்கக்கூடாது. தூரத்திலிருந்து வந்தவர்கள் பலர், எங்கள் வீட்டில் முழுகிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்களையும் சித்தப்பாவையும் விட்டு எண்ணினால் பதினாறு பேர். துவாயோடு படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். வெளியே பனி.

சித்தப்பா மேலிருந்து கத்தினார். “சுடுதண்ணி வரேல்லை பிள்ளை! ஐஸ் மாதிரி வருது!”

“கேத்திலைப் போடுங்கோ” என்றா அம்மா.

“பதினாறு பேருக்குக் கேத்திலோ? விடியும்.”

“நான் பச்சைத்தண்ணியில முழுகிறன்” என்றார் ஒரு வயதானவர். அவருக்கு எழுபதுக்கு மேல். “முழுகி நேர கொண்ணனிட்டப் போறன்.” வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

அப்பா வரிசையை விட்டு இறங்கி, நிலவறைக் கதவைத் திறந்தார். நாலு மாதமாக அவர் அங்கே கால் வைத்ததில்லை. நான் பின்னால் ஓடினேன்.

கீழ்ப்படியில் அப்பா நின்றுவிட்டார். எதிரே இரண்டு போர்வையைச் சுற்றி, மகனின் ஜாக்கெட்டைப் போட்டு, கைகட்டினபடி தாங்கி நின்றது.

“என்ன பிள்ளை இது?”

“சூடு போயிடும் எண்டு.”

“என்ன சூடு?”

“அண்ணை மூட்டினது. ஞாயிற்றுக்கிழமை.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஹைசுங் பழுதெண்டாய்.”

“பழுதில்லை. நான்தான் பூட்டினனான்.”

அடிப்பார் என்று நினைத்தேன். கிட்டப் போய், ஜாக்கெட்டின் கையை விலக்கி, வெப்பமானியைப் பார்த்தார். கண்ணாடி இல்லை. “எத்தினை?”

“அம்பத்தெட்டு.”

“ஒம்பது நாள் கழிச்சோ?”

“ஓம்.”

“மேல நிக்கிற எல்லாருக்கும் காணுமோ?”

“காணும் அப்பா. ஆனால் பிறகு ஒண்டும் மிஞ்சாது.”

“திற.”

“ஏலாது.”

“பிள்ளை…”

“ஏலாது அப்பா. நீங்கள் நாலு மாசம் இதில குளிக்கேல்லை. இப்ப ஏன் வாறியள்?”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அப்பா பழைய பெயின்ற் வாளி ஒன்றின் மேல் இருந்துவிட்டார். கையில் துவாய். அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவன் ஏதும் சொன்னவனோ? நான் கேத்தில் காவினதைப் பற்றி.”

“முதுகு தேய்க்கக் காணாது எண்டு சொன்னவர்.”

அப்பா தலையைக் குனிந்தார். தோள் ஆடியது. சத்தம் வரவில்லை. மேலே ஆரோ “என்ன, கீழ போனவை ஆளைக் காணேல்லை?” என்று கேட்பது காதில் விழுந்தது.

பிறகு எழும்பி முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு, “எது பிடி?” என்று கேட்டார்.

காட்டினேன். அவர் திருப்பினார். பம்ப் முனகத் தொடங்கியது. அப்பா மேலே போனார். கொள்ளி வைத்தவர் அவர்தானே, முதலில் அவர்தான் முழுக வேண்டும்.

நான் போகவில்லை. தலைக்கு மேல் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம். முதல் ஓட்டம் நிற்கவே இல்லை. அவ்வளவு நேரம். அப்பா முழுகுகிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒவ்வொருவராக. இரண்டு குளியலறையும் சேர்ந்து ஓடின. ஐம்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. ஒன்பது நாள் நான் பிடித்து வைத்ததை ஒரு மணித்தியாலத்தில் கழுவி ஊற்றினார்கள். கழுவினது என்ன? அவரை எரித்துவிட்டு வந்த தீட்டை. அவருடைய சூட்டாலேயே. எல்லோரையும் வெறுத்தேன். அந்த எழுபது வயதுக்காரரையும் வெறுத்தேன்.

சித்தப்பா முழுகிவிட்டுத் தலையில் துவாயோடு கீழே வந்தார். போர்வைகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பெயின்ற் வாளியில் இருந்தார்.

“எங்கட தெருவைப் போன வருசம் கிண்டேக்க கறண்ட் நிண்டது” என்றார். “ரெண்டு மணித்தியாலம். போனில பற்றரி நூறு வீதம் காட்டுது, வீடு இருட்டு. கொண்ணனுக்குத்தான் போன் அடிச்சனான். அவன்தான் சொன்னவன், அது அப்பிடித்தான் சித்தப்பா எண்டு. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை மோனை, என்ர மானம் போயிடும் எண்டு கேட்டனான். அவன் சொல்லேல்லை.”

“ஒருநாளும் சொல்லேல்லை” என்றேன்.

“அதைச் சொல்லியிருந்தால் அண்டைக்கே கொப்பர் ஓமெண்டிருப்பார். கேத்திலும் இல்லை, கோவமும் இல்லை.” துவாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். “நான்தான் பிள்ளை.”

எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கடைசியாக நான் முழுகப் போனேன். வெப்பமானி முப்பத்து மூன்று. குழாயில் வந்தது சூடும் இல்லை, குளிரும் இல்லை. தலையில் ஊற்றினேன். அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தண்ணீராகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் குளிர்ந்தது. வெளியே வந்தபோது எல்லோரும் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

சித்திரையில் அண்ணையின் வேலைத் தோழர்கள் வந்து, அவர் டெர்மீன் வைத்திருந்த, வெளிக்காற்றிலிருந்து சூடு எடுக்கிற வெப்பப் பம்பைப் பூட்டினார்கள். குழாய் சேர்கிற இடங்களையும் மூடிவிட்டார்கள். இப்போது ஒருவரும் ஒன்றும் மூட்டத் தேவையில்லை, அது தானாக ஏறி இறங்குகிறது. பற்றரிக் கதையை அப்பா பிறகு எடுக்கவில்லை. அம்மா அதிகம் பேசுவதில்லை. நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறோம். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது வீடு சூடாக இருக்கும். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வீடு சூடாக இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று உடம்பு நினைத்துவிடுகிறது.

அன்று எங்கள் வீட்டில் முழுகிய பதினாறு பேருக்கும் இது தெரியாது. அப்பாவும் சித்தப்பாவும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பதினாறு பேருக்கும் நான் சொல்கிறேன். உங்களை ஒன்பது நாள் குளிரில் இருத்தியது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் தலையில் விழுந்தது என் அண்ணை கடைசியாக மூட்டின சூடு. உங்களை நான் வெறுத்ததற்கும் மன்னியுங்கள். இப்போது யோசித்தால் அது உங்களுக்குப் போய்ச் சேர்ந்தது நல்லதுதான். என்னிடம் இருந்திருந்தால் நிலவறையில் ஆறிப் போயிருக்கும். பதினாறு உடம்பில் கொஞ்ச நேரமாவது இருந்திருக்கும். உங்களுக்கு அன்று சூடாக இருந்ததா? ஆராவது எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்.

அவரைத் தெரிந்தவர்களையும், இதை வாசித்துத்தான் தெரிந்துகொண்டவர்களையும் ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அங்கே, ஒன்றுக்கும் போகாதவர்கள் குளியலறையில் நின்றபடியே, என் அண்ணைக்காக ஒருமுறை கும்பிடுங்கள். அவர் எங்கே இருந்தாலும் அவருக்குக் குளிரக்கூடாது என்று எல்லோரும் கேளுங்கள்.